மூன்று நாளில் விழும் நிலா

‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: மஜோராஸ் மாஸ்க்’
நின்டெண்டோ 64 கேட்ரிட்ஜ், ஜப்பான், 2000

பல்லைக் கடித்தபடி முறைக்கும் நிலா ஒன்று ஊரின்மேல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மூன்று நாளில் மோதிவிடும். விளையாடுபவரின் கடிகாரத்தில் அது வெறும் 54 நிமிடம். தப்ப வழி, ஒக்கரீனா என்னும் குழலை ஊதி முதல் நாளுக்குத் திரும்புவது. திரும்பினால், உதவி பெற்றவர்கள் எல்லாரும் அதை மறந்திருப்பார்கள்.

1998-இல் வெளிவந்த ‘ஒக்கரீனா ஆஃப் டைம்’ விளையாட்டின் உருவங்களையே மறுபடி பயன்படுத்தி, எய்ஜி அவோனுமாவும் யோஷியாகி கொய்சுமியும் இதை இயக்கினார்கள். முதலில் ‘செல்டா கைடன்’ என்றே அறிவிக்கப்பட்டது. கைடன் என்றால் கிளைக்கதை. தெரிந்த முகங்கள் தெரியாத ஊரில் வேறு மனிதர்களாக நடமாடுவதே பாதி அச்சம். ஆட்டம் இப்படித்தான் கலங்கடிக்கிறது.

கடைசி இரவில்தான் ஊர் தன்னைக் காட்டுகிறது. நிலாவையே வெட்டிச் சாய்ப்பேன் என்று வீரம் பேசிய வாள் ஆசான் பின்னறையில் ஒளிந்து நடுங்குகிறார். தபால்காரருக்கோ ஓடிவிட ஆசை. ஆனால் அவருடைய கால அட்டவணையில் அது இல்லை! பண்ணையில் அக்கா கிரீமியா, பெரியவர்கள் மட்டுமே குடிக்கும் பாலைத் தங்கைக்கு முதல் முறையாக ஊற்றிக் கொடுக்கிறாள். ஏன் என்று தங்கைக்குத் தெரியாது.

இந்தக் கேட்ரிட்ஜை இயக்க, கூடுதல் 4 எம்.பி. நினைவகத் துண்டு கட்டாயம் தேவை.