பார்க்காத படத்துக்கு ஏன் டேட்டா?

ஒரு கல்யாண போட்டோகிராபரின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே பக்கத்தில் 40 படங்கள், ஒவ்வொன்றும் 300 கேபி. ஆக மொத்தம் 12 எம்பி. செல்போனில் அதைத் திறப்பவர் மேலே உள்ள ஐந்து படங்களைப் பார்க்கிறார், பிடித்துப்போகிறது, போன் நம்பரைக் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். அவர் பார்த்தது 1.5 எம்பிதான். மீதி 10.5 எம்பி, கண்ணில் படாமலேயே இறங்கி அவருடைய அன்றைய டேட்டாவைத் தின்றிருக்கும்.

இது பிரவுசரின் பழைய சுபாவம். பக்கத்தின் எச்டிஎம்எல்லைப் படித்துக்கொண்டே போகும்போது படத்துக்கான டேக் எதிர்ப்பட்டால், அது பக்கத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, உடனே சர்வரிடம் கேட்டுவிடும். 1993 பிப்ரவரியில் மார்க் ஆண்ட்ரீசன் அந்த டேக்கை முன்மொழிந்தபோது பக்கத்துக்கு ஒன்றிரண்டு படங்கள் இருந்தாலே அதிகம். மோடம் காலத்தில் படம் முதலில் மங்கலாக வந்து பிறகு தெளிவாகும்படி ஜிஃப், ஜேபெக் கோப்புகளை அமைத்தார்கள். காத்திருப்பவருக்கு அது ஆறுதல் தந்தது. இறங்கும் டேட்டா மட்டும் குறையவில்லை.

அதைக் குறைக்க வந்த வழிதான் லேசி லோடிங். இலை போட்டவுடனேயே யாரும் பாயசத்தை ஊற்றிவிடுவதில்லை. சாப்பிடுகிறவர் எதுவரை வந்திருக்கிறார் என்று பார்த்துத்தான் பரிமாறுவார்கள். பக்கத்தின் கீழே உள்ள படங்களையும் வாசகர் ஸ்க்ரோல் செய்து நெருங்கும்போது வரவழைத்தால் போதும் என்பதே இதன் அடிப்படை.

தொடக்கத்தில் இதற்கு ஜாவாஸ்கிரிப்ட்தான் துணை. படத்தின் உண்மையான முகவரியை ஒளித்து வைத்துவிட்டு, திரை நகரும்போதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து, நேரம் வந்ததும் முகவரியை எடுத்துக் கொடுப்பார்கள். விலை குறைந்த போன்கள் அந்தக் கணக்கிலேயே திணறின. 2016-இல் விக்கிப்பீடியாவின் மொபைல் தளம் படங்களை இப்படித் தேவைப்படும்போது இறக்கத் தொடங்கியது. இணைய வேகம் குறைந்த நாடுகளின் வாசகர்களை மனதில் வைத்து எடுத்த முடிவு அது. 2019 ஜூலையில் வந்த குரோம் 76 இந்த வேலையைப் பிரவுசரின் பொறுப்பாக ஆக்கியது. பயர்பாக்ஸ் 2020-இலும் சஃபாரி 2022-இலும் சேர்ந்துகொண்டன. இன்று பட டேக்கில் ‘லோடிங்’ என்ற பண்புக்கு ‘லேசி’ என்று மதிப்புக் கொடுத்தால் போதும், தனி ஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம். பக்கத்தில் பதித்த யூடியூப் வீடியோவுக்கும் வரைபடத்துக்கும்கூட இதே பண்பு பயன்படும்.

படம் திரைக்குள் நுழையும் நொடியில் கேட்டால் காலம் கடந்துவிடும். அதனால் பிரவுசர் கொஞ்சம் முந்திக்கொள்கிறது. 2020-இல் குரோம் வகுத்த கணக்குப்படி, 4ஜி வேகம் இருந்தால் திரைக்கு 1,250 பிக்சல் கீழே படம் இருக்கும்போதே கேட்கும். 3ஜி அல்லது அதைவிட மெதுவான இணைப்பென்றால் 2,500 பிக்சல் தூரத்திலேயே கேட்டுவிடும். மெதுவாக வரும் படத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் அல்லவா?

படம் வரும்வரை அந்த இடத்தை என்ன செய்வது? அகலமும் உயரமும் முன்பே குறிப்பிடப்பட்டிருந்தால் பிரவுசர் அந்த அளவுக்கு இடம் ஒதுக்கி வைக்கும். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது பத்தி கீழே நழுவும்; படித்துக்கொண்டிருந்த வரியைத் தேட வேண்டியிருக்கும். பேஸ்புக் பொறியாளர்கள் 2015-இல் இன்னும் ஒரு படி போனார்கள். அட்டைப் படத்தின் மங்கலான முன்தோற்றத்தை வெறும் 200 பைட்டுக்குள் அடக்கினார்கள். எல்லா முன்தோற்றங்களுக்கும் பொதுவான ஜேபெக் தலைப்பகுதியைச் செயலியிலேயே வைத்துவிட்டு, மாறும் பகுதியை மட்டும் அனுப்பியதுதான் அதன் சூட்சுமம்.

எல்லாப் படத்தையும் தள்ளிப்போடுவது மட்டும் ஆபத்து. உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இயக்கும் வேர்ட்பிரஸ், 2020 ஆகஸ்டில் 5.5 பதிப்பில் லேசி லோடிங்கைத் தானாகவே நடக்கும்படி செய்தது. டேட்டா மிச்சமானது. ஆனால் கட்டுரையின் உச்சியில் இருக்கும் பெரிய படமும் அந்த வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. பக்கத்தின் அமைப்பைக் கணக்கிட்டு முடித்த பிறகே பிரவுசர் அதைக் கேட்டது. பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அந்த நேரம் பல தளங்களில் கூடிப்போனதை 2021-இல் ஆய்வு காட்டியது. 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பு, பக்கத்தின் முதல் படத்தை இந்த ஏற்பாட்டிலிருந்து விலக்கியது. 2023-இன் 6.3 பதிப்பு அதற்கு முன்னுரிமையும் கொடுத்தது.

தளம் நடத்துபவர்கள் மனதில் கொள்ள வேண்டியது இதுதான்: திரையில் முதலில் தெரியும் படம் உடனே வரட்டும், கீழே இருப்பவை காத்திருக்கட்டும். சிஎஸ்எஸ் வழியாகப் பின்னணியில் வைக்கும் படங்களுக்கு இந்தப் பண்பு செல்லாது. அவற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

வாசகரின் அந்தரங்கமும் இதில் அடங்கியிருக்கிறது. எந்தப் படம் எப்போது கேட்கப்படுகிறது என்பதை வைத்து, அவர் பக்கத்தில் எதுவரை வந்திருக்கிறார் என்று சர்வரால் ஊகிக்க முடியும். ஆகவே ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி வைத்திருப்பவரின் பிரவுசரில் லேசி லோடிங் இயங்கக்கூடாது என்று எச்டிஎம்எல் தரவிதியே சொல்கிறது.

ஒரு குறை மிச்சமிருக்கிறது. பேருந்தில் போகும்போது கட்டுரையைத் திறந்தவருக்கு நடுவழியில் சிக்னல் போனால் எழுத்து இருக்கும், கீழே உள்ள படங்கள் இருக்காது. படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி மாற்று உரை எழுதியிருந்தால், அந்தக் காலிக் கட்டத்தில் அது தெரியும். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டுவதும் அதே வரியைத்தான். தமிழ்த் தளங்கள் பலவற்றில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.