கூரை நிற்கிறது, காரியா?

மலாக்காவுக்குச் சுற்றுலா போகும் நம் குடும்பங்கள் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் போகாமல் திரும்புவதில்லை. அங்கே இருக்கிறது கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் எழுப்பிய இது, 1872இல் செங்கல் கட்டடமானது. அடுக்குக் கூரை மலாய் உலகத்துக்கே உரியது. மினாராவோ சீனப் பகோடாவை நினைவூட்டும். உள்ளே ஐரோப்பியத் தூண்கள். அதே தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம்.

படம் பிடிக்க இவை போதும். ஆனால், பழைய பள்ளிவாசலைப் புரிந்துகொள்ள இன்னொன்றையும் பார்க்க வேண்டும் என்பேன்: அதன் 'காரியா'.

மலாய்ச் சமூகத்தில் ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குள் குடியிருப்பவர்களே காரியா மக்கள். அவர்களின் திருமண ஒப்பந்தம் அங்கே நடக்கும். வீட்டில் சாவு விழுந்தால் குளிப்பாட்டுவது முதல் அடக்கம் வரை காரியா துணை நிற்கும். செலவுக்கு மரண சகாய நிதி இருக்கும். நோன்பு மாதத்தில் எல்லோரும் கூடிப் பெரிய அண்டாவில் புபூர் லம்புக் காய்ச்சுவார்கள். பக்கத்து வீட்டுத் தமிழருக்கும் ஒரு பொட்டலம் வந்து சேரும்.

அந்த மக்கள் இடம்பெயர்ந்தால்? 2000ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் மலாக்காவின் பழைய நகரில் வாடகை ஏறியது; பல குடும்பங்கள் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் மலாக்கா இடம்பெற்றது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. குடியிருந்த வீடுகள் பல தங்கும் விடுதிகளாயின.

கெலாங் பாத்தாவில் வாழும் எனக்கு இது தூரத்துக் கதையல்ல. 1998இல் இரண்டாவது பாலம் திறந்தது. 2006இல் இஸ்கண்டார் திட்டம் வந்தது. தோட்டங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புகள் எழுந்தன. ஜோகூர் பாருவில் 1892இல் தொடங்கி 1900இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலை அரசு பார்த்துக்கொள்ளும். கடலோரக் கம்போங்கின் சின்னச் சூராவை அதன் மக்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வலி தமிழருக்குப் புதிதல்ல. தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் காலியாகி, கோயில் மட்டும் தனியாக நின்றதை நாமும் பார்த்திருக்கிறோம். திருவிழாவுக்கு மட்டும் காரில் வந்து போகும் கோயில் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும்.

அதனால் அடுத்த முறை பழைய பள்ளிவாசலுக்குப் போனால், கட்டி எத்தனை வருடம் என்பதோடு நிறுத்தாதீர்கள். காரியாவில் இப்போது எத்தனை குடும்பம் என்றும் கேளுங்கள்.