பாய்மரப் படகில் கடலோரப் பயணம்

மலைமேல் வாழும் நமக்குப் படகு என்றதும் கோடைக்கானல் ஏரிதான் நினைவுக்கு வரும். 1863-ஆம் ஆண்டில் சர் வியர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் ஓடைகளைத் தடுத்து அணை கட்டி அந்த ஏரியை அமைத்தார். அதில் விடுவதற்கு முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்பர். பள்ளங்கியின் பூண்டுத் தோட்டங்களுக்கும் தூத்துக்குடிக் கடலுக்கும் இப்படி ஒரு பழைய உறவு உண்டு. அந்தக் கடலோரத்தில் காற்றையே துணையாகக் கொண்டு பாய்விரித்துச் செல்வது எப்படி இருக்கும்? அதன் இன்பங்கள் யாவை, தொல்லைகள் யாவை என்பதைச் சற்றுக் காண்போம்.

ஆளில்லாத் தீவுகள்

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றுள் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. எஞ்சியவற்றில் ஊர்கள் இல்லை. பவளப்பாறையும் கடற்புல்லும் மணலும் உண்டு. கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு இங்கே காணப்படுகிறது. இப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் தூத்துக்குடித் தோணிகள் இக்கடலில் பாய்விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. பின்னாளில் தோணிகளிலும் வள்ளங்களிலும் எந்திரம் ஏறிவிட்டது.

காற்றோடு ஓர் ஒப்பந்தம்

பின்னாலிருந்து காற்று வீசினால் படகு முன்னே ஓடும் என்பது யாவரும் அறிந்ததே. எதிர்க்காற்றில் எப்படிப் போவது? நேராகப் போக முடியாது. சற்றுத் தூரம் வலப்புறம் சாய்ந்து ஓடி, பிறகு பாயை மாற்றி இடப்புறம் சாய்ந்து ஓட வேண்டும். நம் மலைப்பாதையில் பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி மேலேறுவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வழி நீளும், ஆனால் ஊர் வந்து சேரும்.

பகலில் நிலம் விரைவில் சூடாவதால் கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசுகிறது. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. ஆகவே பாய்மர மீனவர் விடியுமுன் கரைக்காற்றில் புறப்பட்டு, பிற்பகல் கடற்காற்றில் திரும்புவர். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்ற பழமொழி உழவருக்கு மட்டும் உரியதன்று!

இன்பங்கள்

முதல் இன்பம் அமைதி. எந்திரம் இல்லாத படகில் அலை மோதும் ஓசையும் கயிறு முனகும் ஓசையுமே கேட்கும். சில வேளைகளில் ஓங்கில்கள் படகின் அருகிலேயே துள்ளி வரும். ஊர்விளக்குகள் எட்டாத இடத்தில் இரவு வானம் முழுவதும் விண்மீன்கள் நிறைந்திருக்கும். அன்னை மரியாளைத் திருச்சபை 'கடலின் விண்மீன்' என்று அழைப்பதன் பொருள் அங்கே நன்கு விளங்கும். சில இரவுகளில் நுண்ணுயிர்களால் கடலே நீல நிறமாக ஒளிரும். படகு சென்ற தடம் வெளிச்சக் கோடாகத் தெரியும்.

தொல்லைகள்

தொல்லைகளுக்கும் குறைவில்லை. காற்று அடங்கிவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற கரையையும் அடைய முடியாமல் உச்சிவெயிலில் காய வேண்டியதுதான். சுற்றிலும் தண்ணீர், குடிப்பதற்கோ அளந்து வைத்த தண்ணீர் மட்டும். உடை, படுக்கை, தீப்பெட்டி எல்லாம் உப்பு ஈரமேறிப் பிசுபிசுக்கும். குமட்டல் வந்தவருக்கு விண்மீன்களும் வேண்டாம், ஓங்கில்களும் வேண்டாம்! பவளப்பாறைமேல் நங்கூரம் போட்டால் பல ஆண்டுகள் வளர்ந்த பவளம் ஒரு நொடியில் நொறுங்கும்; ஆதலால் மணல் தேடி அலைய வேண்டும். தீவைக் கண்டு ஆசைப்பட்டாலும் அனுமதியின்றி இறங்கலாகாது. உயர்ந்த பாய்மரம் உள்ள படகு பாம்பன் வாயிலில் இரயில் பாலம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பருவமும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பகுதி சீறும். 1964 டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது.

திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரம் ஒரு கடலோரப் பயணத்தின் வரலாறே. புனித பவுல் சென்ற கப்பல் எதிர்க்காற்றினால் கிரேத்துத் தீவின் கரையை ஒட்டி மெல்ல மெல்ல நகர்ந்தது. பவுல் எச்சரித்தும் கேளாமல் மேலே சென்றதால் புயலில் சிக்கியது. பதினான்காம் நாள் இரவில் மாலுமிகள் ஆழம் பார்த்து நான்கு நங்கூரங்களை இறக்கி, எப்போது விடியும் என்று ஏங்கினர். மால்தா தீவருகே கப்பல் உடைந்தபோதும், அதிலிருந்த 276 பேரும் உயிர் பிழைத்தனர்.

பெண்களும் பாய்மரமும்

இராமேசுவரத்துப் பக்கத்தில் கொந்தளிக்கும் தென்கடலை 'ஆண்கடல்' என்றும், அமைதியான வடகடலைப் 'பெண்கடல்' என்றும் சொல்வார்கள். பெண்களுக்கு அமைதியான கடல்தான் ஏற்றது என்று எண்ணிவிடாதீர்கள்! நம் கடற்படையைச் சேர்ந்த ஆறு பெண்கள் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2018 மே 21 அன்று திரும்பினர். வழியில் சுக்கான் பொறி பழுதாகி மொரீசியசில் தங்கவும் நேர்ந்தது. அதே படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் இருவராகவே 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை உலகைச் சுற்றி வந்தனர். மாலுமிகள் அஞ்சும் கேப் ஹார்ன் முனையையும் அவர்கள் கடந்தனர்.

இன்பமும் தொல்லையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பதே நாம் இங்கே கவனிக்க வேண்டியது. எந்திரம் இல்லாததால் அமைதி கிடைக்கிறது. அதனாலேயே காத்திருக்கவும் நேர்கிறது. ஆளில்லாத கரையாதலால் அழகு கெடாமல் இருக்கிறது. அதனாலேயே ஆபத்தில் உதவிக்கு ஆளில்லை. ஒன்றை விரும்புபவர் மற்றொன்றையும் முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும். காற்றை அனுப்புபவர் இறைவன். பாயைத் தைத்து, கயிற்றைச் சரிபார்த்து, விழித்திருப்பது நம் கடமை. படிப்பிலும் வாழ்விலும் இது பொருந்தும் அன்றோ?