பட்டாவோடு போன நிலம், பட்டா இல்லாமல் போன நிலம்

கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால், சில சர்வே எண்களுக்கு நேரே குறிப்புக் கலத்தில் ‘டி.சி. நிபந்தனை’ என்று எழுதியிருக்கும். டி.சி. என்றால் டிப்ரெஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பார். ஊரில் அதைப் பஞ்சமி நிலம் என்பார்கள்.

அதன் கதை இந்தத் திருவள்ளூர் மண்ணில் தொடங்கியது. அன்று இது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843-ல் கம்பெனி அரசு சொன்னது. ஆனால் விடுபட்ட பண்ணையாளுக்கு ஒரு குழி நிலம்கூடத் தரவில்லை. தரிசுக்குத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை; அவர் ‘எனக்கு வேண்டும்’ என்றதும் சேரிக்காரர் மனு செத்துவிடும். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இதையெல்லாம் அறிக்கையாக எழுதினார். 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. அதன்படி சென்னை மாகாணம் முழுக்க ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குச் சுமார் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். மீறினால் அரசு மீட்டுக்கொள்ளும், வாங்கியவருக்கு நஷ்டஈடு கிடையாது.

இதைத் தானம் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கடனில் ஒரு தவணையாகத்தான் தெரிகிறது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு தவணை தொடங்கியது. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், விடுதலையான கறுப்பின மக்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கி ஆணையிட்டார். அதே ஆண்டில் அதிபர் ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பினார். 2022-ம் ஆண்டின் ஃபெடரல் ரிசர்வ் கணக்கில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. அங்கே இழப்பீடு கேட்டு எழும் குரலின் வேர் இதுதான். பிரிட்டனோ 1830-களில் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அத்தனையும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு!

அமெரிக்காவில் ஆணையையே ரத்து செய்தார்கள். இங்கே ஆணை உயிரோடு இருக்க, நிலம் கைமாறியது. கல்யாணக் கடனுக்கு, வைத்தியச் செலவுக்கு, கைநாட்டு வாங்கி. பட்டா இன்னொருவர் பெயருக்குப் போனது. பல ஊர்களில் பதிவேட்டிலிருந்த ‘டி.சி.’ என்ற சொல்லும் காணாமல் போனது. திருப்பிக் கேட்டவர்களில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டம் அது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேறொரு விதமாகவும் நிலம் போனது. தேர்வாய் கண்டிகை தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஊரை ஒட்டிய காட்டிலும் மேய்க்காலிலும் மாடு மேய்ந்தது, விறகு கிடைத்தது. அங்கே விழுந்த மழைநீர் ஏரிக்கு வந்தது. அது ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பேட்டையானது; மிச்செலின் டயர் ஆலை வந்தது. மக்கள் மறியல் செய்தார்கள், வழக்குகளைச் சுமந்தார்கள். 2012-ல் பிரெஞ்சுத் தொழிற்சங்கத்தோடும் தொண்டு அமைப்புகளோடும் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் பிரான்ஸ் அமைப்பு வரை போனார்கள். ஆனால் இங்கே வருவாய்த் துறைக்கு அது அரசு நிலம். தனிப் பட்டா இருந்தால்தானே நஷ்டஈடு? பாட்டன் காலத்திலிருந்து மாடு மேய்த்ததற்கு எந்தப் பதிவேட்டிலும் கலம் இல்லை.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிப்காட் வந்தால் சுற்றுவட்டார நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் பட்டாக்காரர் கைக்கே போகிறது. அதே ஊரின் காலனிக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கான்ட்ராக்ட் கூலி. செல்வம் தலைமுறை தாண்டுவது இப்படித்தான், இல்லாமையும் அப்படியே.

ஆலை எழுந்துவிட்ட பஞ்சமி நிலத்தில் மறுபடி ஏர் ஓட்ட முடியாது. அதற்கு ஈடாக அதே வட்டத்தில் அதே மதிப்புள்ள மனையைச் சட்டப்படி உரியவர்கள் பெயரில் அரசு பதிந்து தரலாம். ஆலை எழாத இடங்களில் மீட்பதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 1892-ன் நிபந்தனையே போதும். முதலில் கிராமம் கிராமமாகப் பழைய பதிவேட்டையும் இன்றைய பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘டி.சி.’ என்ற சொல் எந்தெந்த எண்ணில் மறைந்தது என்று ஊர்ச்சபையில் வாசிக்க வேண்டும்.