சாப்ட்வேர் ஏறவில்லையா? கம்ப்யூட்டரை மாற்றுமுன் கவனியுங்கள்!

(நமது மட்டாஞ்சேரி நிருபர்)

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கும் தமிழர் வீடுகள் பலவற்றில் இன்று பழைய கம்ப்யூட்டர் ஒன்று இடம் பிடித்திருக்கிறது. கேரளப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் ஒரு பாடம். பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் வாங்கியாவது ஒன்றை வாங்கி வைக்கிறார்கள். வாங்கிய பிறகுதான் தொல்லை. வேண்டிய சாப்ட்வேர் அதில் ஏறுவதில்லை. கடைக்குத் தூக்கிச் சென்றால், "மெஷின் பழசு, வேறு வாங்குங்கள்" என்ற பதில் சுலபமாக வந்துவிடுகிறது. அந்தப் பதிலை நம்புமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு.

பாதை வேறு

கேரள அரசுப் பள்ளிகளில் ஓடுவது விண்டோஸ் அல்ல. 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. அது தரும் இலவச லினக்ஸ்தான் பள்ளிகளில் இருக்கிறது. பையன் பென் டிரைவில் கொண்டுவரும் லினக்ஸ் பைலின் பெயர் பெரும்பாலும் 'டெப்' என்று முடியும். வீட்டு விண்டோஸ் கேட்பதோ 'இ.எக்ஸ்.இ.' அல்லது 'எம்.எஸ்.ஐ.' என்று முடியும் பைல். மீட்டர் கேஜ் பெட்டி பிராட்கேஜ் தண்டவாளத்தில் ஓடுமா? அதே கதைதான். ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜிப்ரா, லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றுக்கு விண்டோஸ் பதிப்பும் உண்டு. அவரவர் சொந்தத் தளத்திலிருந்து காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

32-ஆ, 64-ஆ?

மசாலாக் கிடங்கில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவரின் வீட்டில் "திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பி.சி." என்ற வாசகம் வந்தது. கடையில் வேறு மெஷின் வாங்கச் சொன்னார்கள். அவருக்கு அது ஒரு மாதச் சம்பளம். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் படித்தபோது விஷயம் விளங்கியது. பிராசசர் 64-பிட், மேலே ஏற்றியிருந்த விண்டோஸ் 32-பிட். 32-பிட் விண்டோஸில் 64-பிட் சாப்ட்வேர் ஏறாது. போட்டோக்களையும் கணக்குகளையும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, கைட் லினக்ஸை ஏற்றினார்கள். மகளின் பள்ளிப் பாடத்துக்கு வேண்டியவை அதிலேயே இருந்தன. பழைய கம்ப்யூட்டர் இன்றும் ஓடுகிறது.

பிராசசரே 32-பிட் என்றால் இந்த வழி உதவாது. உபுண்டு 22.04-ஐ ஒட்டி வந்த கைட் பதிப்பு 64-பிட் மெஷினில்தான் ஏறும்.

பட்டன் பேட்டரி

கம்ப்யூட்டரைப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருஷம் பின்னால் போகிறதா? மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி, டவுன்லோடை மறுத்துவிடும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்தால் தீரும்.

விண்டோஸ் 7, 10, 11

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. 2023-ல் வந்த குரோம் 110 முதல் விண்டோஸ் 7-ல் ஏறுவதில்லை. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், செக்யூர் பூட் வசதி, 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு அமைப்பு ஆகியவை வேண்டும். இந்த டி.பி.எம். சில மெஷின்களில் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாசில் இன்டெல் என்றால் 'பி.டி.டி.', ஏ.எம்.டி. என்றால் 'எப்.டி.பி.எம்.' என்ற பெயரில் அதை இயக்கலாம். ஆனால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராசசர்கள், மிகச் சில தவிர, மைக்ரோசாப்டின் பட்டியலில் இல்லை.

இவை எதுவும் இல்லையென்றால், 'சி' டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டவுன்லோடு ஆன பைலின் அளவு, தளத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒத்திருக்க வேண்டும். குறைந்தால் பாதியில் அறுந்தது என்று பொருள். பிறகு பைலின் மேல் வலது பட்டனை அழுத்தி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துப் பார்க்கலாம்.

எச்சரிக்கை

ஏறாத சாப்ட்வேருக்கு 'கிராக்' என்று சிலர் பென் டிரைவில் கொடுப்பார்கள். ஏற்றுமுன் ஆன்டி வைரசை அணைக்கச் சொல்வார்கள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நாம் ஊருக்குப் பணமும் அனுப்புகிறோம். பாஸ்வேர்டைத் திருடும் வைரஸ் இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. வேண்டவே வேண்டாம்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், திரையில் வந்த வாசகத்தை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். சிஸ்டம் டைப், ராம், விண்டோஸ் பதிப்பு மூன்றையும் அதன் கீழே குறியுங்கள். "மெஷின் பழசு" என்றால், சீட்டை நீட்டி, "இதில் எது போதவில்லை?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.