வேகத்திற்கு முன் பிரேக்

கிரேட்டர் நொய்டாவிலுள்ள புத்தா பன்னாட்டுப் பந்தயத் தடம் 5.125 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் நீண்ட நேர்பாதை மட்டுமே ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். சாலையில் ஓடும் மகிழுந்தை அத்தகைய தடத்தில் ஓட்ட விரும்புவோர் பலர் எஞ்சினின் ஆற்றலையே முதலில் கூட்ட முனைகின்றனர். ஆனால் முதலில் கவனிக்கத்தக்கது பிரேக்கே.

நேர்பாதையின் முடிவில் வேகத்தைக் குறைக்கும்போது வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இது நிகழ்வதால் பிரேக் வட்டுகள் ஆற நேரமில்லை. வெப்பம் பிரேக் திரவத்தையும் அடைகிறது. பணிமனைகளில் இதனைப் ‘பிரேக் ஆயில்’ என்பர். ஆயினும் இது எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிப்பதில்லை. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டாலோ 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். அப்போது குழாய்களில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவம் அழுத்தத்தால் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். எனவே மிதி அடிவரை அமிழ்ந்தும் வண்டி நிற்காது.

இதனால்தான் பந்தயத்திற்கு முன் பழைய திரவத்தை முழுவதும் வெளியேற்றிப் புதியதை நிரப்புகின்றனர். இறுதிச் சுற்றில், பிரேக்கை இயன்றவரை மிதிக்காது மெதுவாக ஓட்டி வெப்பத்தைத் தணிக்கின்றனர். வண்டியை நிறுத்திய பின்னும், வட்டுகள் ஆறும்வரை கைப்பிரேக்கை இழுப்பதில்லை.