மணிலாவில் நுனி கருகினால் எந்த வைரஸ்?

காஞ்சிபுரம், உத்திரமேரூர் பக்கம் மணிலா பயிரிடுவோர் நுனி மொட்டு கருகிய செடிகளைப் பார்த்திருக்கலாம். மொட்டுக் கருகல் என்று ஒரே பெயரால் சொல்லி விடுகிறோம். ஆனால் இவ்வாறு கருக வைக்கும் வைரஸ்கள் இரண்டு உண்டு.

2000-ஆம் ஆண்டில் ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்தில் சுமார் 2.25 லட்சம் எக்டேர் கடலை இப்படிக் கருகியது. நஷ்டம் ரூ.300 கோடிக்கு மேல். பார்வைக்கு மொட்டுக் கருகல் போலவே இருந்தது. ஐதராபாத்தை அடுத்த பட்டாஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தார் சோதித்தபோது, அது 'டொபாக்கோ ஸ்ட்ரீக்' என்ற வேறு வைரஸ் என்று தெரிந்தது.

இதைக் காட்டிக் கொடுப்பது 'எலிசா' என்னும் சோதனை. சுத்தம் செய்த வைரஸை முயலுக்கு ஊசி மூலம் செலுத்தினால், அதன் ரத்தத்தில் அந்த வைரஸை மட்டும் பற்றிக் கொள்ளும் எதிர்ப்பொருள் உண்டாகிறது. சிறு குழிகள் கொண்ட தட்டில் இலைச்சாற்றையும் இந்த எதிர்ப்பொருளையும் சேர்க்கிறார்கள். வைரஸ் இருந்தால் நிறம் மாறும். ஒரு தட்டில் 96 குழிகள். நிறைய செடிகளை ஒரே சமயத்தில் பார்த்துவிடலாம். விலை உயர்ந்த ரசாயனத்துக்குப் பதில், நம் நாட்டில் எளிதில் கிடைக்கும் பென்சிலினைக் கொண்டு செய்யும் முறையை இக்ரிசாட் 1989-இல் வெளியிட்டது. அதில் நீலம் மஞ்சளாக மாறும். சாயம் காய்ச்சும் ஊர்க்காரர்களுக்கு நிறத்தைப் பார்க்கச் சொல்லித் தர வேண்டுமா!

எந்த வைரஸானால் என்ன என்று கேட்கலாம். கைப்பாடு வேறுபடுகிறது. மொட்டுக் கருகல் வைரஸ் இலைப்பேனின் உடலுக்குள்ளேயே பெருகிப் பரவுகிறது. இதற்குப் பயிரை இடைவெளி விடாமல் நெருக்கமாக வைப்பது நல்லது. மற்றது பார்த்தீனியப் பூவின் மகரந்தத்தில் இருக்கிறது. மகரந்தம் இலைப்பேன் மேல் ஒட்டி வந்து கடலை இலையில் விழுகிறது. பேன் சுரண்டிய காயம் வழியே வைரஸ் உள்ளே போகிறது. பார்த்தீனியச் செடியில் நோய்க்குறி எதுவும் தெரியாது. எனவே வரப்பிலும் தரிசிலும் அது பூக்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். வயலைச் சுற்றிச் சோளம் அல்லது கம்பு சில வரிசை விதைத்தால் காற்றில் வரும் பேனைத் தடுக்கும்.

நோய் கண்ட செடிக்கு மருந்து இல்லை. சோதனைக்குக் காய்ந்த செடி உதவாது. புதிதாகக் குறி கண்ட இளம் இலைகளைப் பாலிதீன் பையில் போட்டு, வெயில் படாமல் அன்றே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டி, ஆய்வகத்துக்கு அனுப்ப வழி கேட்கலாம்.